ஒரே நாளில் இரண்டு குழம்பு

நஸ்ரீனிடம் பைதான் என்ற கணினி மொழியைக் கற்க வருகிறவர்களில் தணிகாசலம்தான் மூத்தவர். அவருக்கு அறுபத்து மூன்று, குருவுக்கு முப்பத்தொன்று. இருந்தாலும் அவள் வகுப்புக்குள் வந்தால் எழுந்து நிற்பார். "உக்காருங்க சார்" என்று அவளும் சலிக்காமல் சொல்வாள்.

அன்று எல்லோரும் போன பிறகும் அவர் போகவில்லை.

"டீச்சர், ஒரு புரோகிராம் எப்பவும் ஒரே பதிலைச் சொல்லணும்னா என்ன செய்யணும்?"

"எந்தப் புரோகிராம்?"

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அவர் மனைவி வேதவல்லி எழுதியது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர். மகள் சுடர் போலந்துக்குப் படிக்கப் போனபோது இதை எழுதினார். காலையில் ஓடவிட்டால், அன்றைய தேதியை வைத்து நாற்பத்தேழு சமையலில் ஒன்றைச் சொல்லும். தேதி ஒன்றென்றால் சமையலும் ஒன்று. இங்கே சேலத்தில் வத்தக்குழம்பு என்றால் போலந்திலும் வத்தக்குழம்பு. வேதவல்லி இறந்து மூன்று வருஷமாகியும் அப்பாவும் மகளும் அப்படித்தான் சாப்பிட்டு வந்தார்கள்.

"போன மாசம் சுடர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினா. அதுல பைதான் மூணாம் பதிப்பு. என்கிட்ட இருக்கறது ரெண்டு. நாலு வரியைத் திருத்தி ஓட வெச்சுட்டா. ஆனா எனக்கு மோர்க்குழம்புன்னு வருது, அவளுக்குப் புளிக்குழம்புன்னு வருது."

"நீங்களும் மூணுக்கு மாறிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். இதுல அமாவாசை கணக்குப் போட வேற யாரோ எழுதின ஒரு பேக்கேஜ் இருக்கு. அதோட பழைய பதிப்பு மூணுல ஓடாதாம். புதுசைப் போட்டேன். அமாவாசை அன்னிக்கு மீன் குழம்பு வைக்கச் சொல்லுது." தலையை ஆட்டினார். "வேதா அப்படிச் சொல்லவே மாட்டா."

என்னென்ன பேக்கேஜ் வேண்டும் என்று வேதவல்லி எழுதியிருந்த பட்டியலை நஸ்ரீன் திறந்தாள். பெயர்கள் இருந்தன. எந்தப் பதிப்பு என்ற எண் ஒன்றுக்கும் இல்லை.

"புரோகிராம் எழுதற எங்க ஆளுங்க எல்லாரும் செய்யிற தப்புதான் சார். இன்னிக்கு ஓடுது, நாளைக்கும் ஓடும்னு விட்டுடறது."

"நாளைக்கும் இருப்போம்னு நினைச்சிருப்பா" என்றார் தணிகாசலம்.

நஸ்ரீன் ஒரு மணி நேரம் வேலை செய்தாள். பழைய பைதானையும் அதோடு ஒத்துப்போகும் பழைய பேக்கேஜ்களையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணையும் எழுதி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டினாள்.

"இதைச் சுடருக்கு அனுப்புங்க. வெளியில என்ன பதிப்பு இருந்தாலும் இதுக்குள்ள பழசுதான் ஓடும். ரெண்டு வீட்டுலயும் ஒரே பதில்தான் வரும்."

ஓடவிட்டார். மோர்க்குழம்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியே இதைப் பூட்டிடுங்க டீச்சர். யாரும் ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாதபடி."

"யார் மாத்தப் போறாங்க?"

செல்போனை எடுத்து நீட்டினார். சுடரின் செய்தி, ஒன்பது நாளைக்கு முன்னால் வந்தது. 'அப்பா, அம்மா பட்டியல்ல பீட்ரூட் சூப்பைச் சேர்த்துக்கலாமா? இங்க வந்து நானா கத்துக்கிட்ட முதல் சமையல்.' அதற்குக் கீழே பதில் எதுவும் இல்லை.

"ஒண்ணைச் சேர்த்தா எண்ணிக்கை மாறிடும். எண்ணிக்கை மாறினா எல்லா நாளும் மாறிடும். வேதா எனக்குன்னு வெச்சுட்டுப் போன நாள் ஒண்ணுகூட மிஞ்சாது. எனக்கு அவ வேணும் டீச்சர். காலையில எழுந்ததும் அவ சொல்றதைக் கேட்டு அடுப்பைப் பத்தவைக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

நஸ்ரீன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். திருத்தும்போதெல்லாம் வேதவல்லி குறிப்பெழுதிய மாற்றப் பதிவைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'முருங்கைக்கீரை சேர்த்தேன். சுடருக்கு அங்கே கிடைக்கிறதாம்.'

'மிளகு ரசம் சேர்த்தேன். சுடருக்குச் சளி.'

'பாகற்காயை எடுத்துவிட்டேன். அவர் சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டு மூடி வைக்கிறார்.'

அவருக்குச் சிரிப்பு வந்தது. "தெரிஞ்சிருக்கு பாருங்க. ஒரு வார்த்தை கேக்கல." மறுபடி முதலிலிருந்து படித்தார். முதலில் எழுதியதோடு சேர்த்து மொத்தம் பதினாலு பதிவுகள். கடைசியாக, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் ஒன்று. 'எலுமிச்சை சாதம் சேர்த்தேன். அவரே செய்துகொள்ளலாம், சுலபம்.'

அந்த வரியைத் திரையில் விரலால் தொட்டார்.

"பூட்டிடலாமா சார்?" என்றாள் நஸ்ரீன்.

"பூட்டிடுங்க. எனக்கு என் வேதா போதும்."

"சரி. ஒவ்வொரு தடவையும் எல்லா நாளையும் அவங்களே மாத்தியிருக்காங்க. பதினாலு பேர் இருக்காங்க. எந்த வேதாம்மாவைப் பூட்டணும்?"