போல்ட்டின் இரண்டு துண்டுகள்

“தப்பு யார்மேலன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்.”

பேராசிரியர் செண்பகராமன் ஃபைலை மேஜைமேல் வைத்தார்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. இரும்பு ஏன் உடைகிறது என்று முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பாலமோ, பாய்லரோ, பஸ் அச்சோ, எது உடைந்தாலும் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். துண்டுகளைப் பார்த்துவிட்டு எங்கே கீறல் விழுந்தது, எத்தனை நாளாக வளர்ந்தது, யார் அசட்டையாக இருந்தார்கள் என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவார்.

எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஏகாம்பரம். செண்பகராமனுக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர். வயது எண்பத்தாறு.

கோவையிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏற வேண்டிய மனுஷன், சேலத்துக்கு வந்து குருவின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மதுரை ஆஸ்பத்திரியில் பாக்கியநாதன் படுத்த படுக்கை. அவரும் ஏகாம்பரத்தின் மாணவர்தான். இரண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஹாஸ்டலில் ஒரே அறை, ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். பேச்சு வார்த்தை நின்று இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று பாக்கியநாதனின் மகள் ஜெனிட்டா போன் பண்ணியிருக்கிறாள். டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

போக மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் தப்பு யார்மேல் என்று தெரியாமல் எந்த முகத்தோடு போய் நிற்பது? இதுதான் செண்பகராமன் கட்சி. பெரிய நியாயஸ்தர்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு சர்க்கரை ஆலையில் இயந்திரத் தண்டு அடிக்கடி உடைந்தது. இரண்டு பேரும் மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பாக்கியநாதன் அதைத் தன் பேரில் மட்டும் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார். அதை வைத்துப் பேராசிரியர் பதவியும் வந்தது. செண்பகராமனுக்கு அது வர இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று.

ஏகாம்பரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தாளையும் விடவில்லை. சோதனைக்கூடக் குறிப்புகள், போட்டோக்கள், கடிதங்கள், எல்லாம் தேதிவாரியாக, ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். மணி பதினொன்றரை ஆனது. செண்பகராமனின் காபியில் ஆடை படிந்துவிட்டது.

“நீதான் சரி. பாக்கியம் உனக்குப் பண்ணினது துரோகம்.”

செண்பகராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் காத்திருந்தவர். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“போன் என்னைக்கு வந்துச்சு?”

“வெள்ளிக்கிழமை சார்.”

“இன்னைக்குச் செவ்வாய்.”

“ஃபைலை வரிசைப்படுத்த வேண்டியிருந்துச்சு சார்.”

ஏகாம்பரம் மெல்ல எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்துவந்தார்.

செண்பகராமனுக்குத் தெரிந்த ஜாடிதான். உள்ளே ரயில் பாலத்து போல்ட் ஒன்று இரண்டு துண்டாகக் கிடக்கும். ஈரம் பிடிக்காமலிருக்க அடியில் மருந்து மணிகள். ஏகாம்பரத்தின் முதல் ஆராய்ச்சி அது. ஐம்பது வருஷத்தில் யாரையும் தொடவிட்டதில்லை.

வருஷா வருஷம் முதல் வகுப்பில் வேறொரு உடைந்த போல்ட்டை மாணவர்களிடம் கொடுப்பார். வாங்கினவன் என்ன செய்வான்? இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பார்ப்பான். எல்லாருக்கும் கை அப்படித்தான் போகும். உடனே திட்டு விழும். உடைந்த முகத்தில்தான் அத்தனை அடையாளமும் இருக்கிறது. ஒட்டவைத்தால் ஒன்றோடொன்று உரசி அழிந்துவிடும். உடைந்ததைச் சேர்க்காதே. இந்தத் தொழிலில் முதல் பாடம் அதுதான்.

இவர்கள் சேர்ந்த வருஷம் திட்டு வாங்கினவர் பாக்கியநாதன். வகுப்பே சிரித்தது. செண்பகராமன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

ஏகாம்பரம் மூடியைத் திறந்து இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்தார். முகத்துக்கு முகம் வைத்தார். கொஞ்சம் திருப்பினார். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. உடைந்த இடம் எதுவென்றே தெரியவில்லை.

செண்பகராமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“சார், சாட்சி போயிடும்.”

“ஆமா, போயிடும்.”

கிழவர் இன்னும் அழுத்தினார். கறுப்பாகக் கொஞ்சம் பொடி ஃபைல்மேல் உதிர்ந்தது.

செண்பகராமன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு நாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். மதுரைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஒரு மணிக்கு உண்டு என்றார் ஏகாம்பரம். செண்பகராமன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

“ஃபைலை விட்டுட்டுப் போறியே.”

“இங்கயே இருக்கட்டும் சார்.”

“இங்க ஏற்கனவே ஒண்ணு இருக்கு.”

செண்பகராமன் திரும்பிப் பார்த்தார்.

“அம்மாவைக் கடைசிக் காலத்துல யார் வச்சுப் பார்த்ததுன்னு எனக்கும் என் தம்பிக்கும் சண்டை. அவன் எழுதின லெட்டர், நான் எழுதினதுக்கு நகல், எல்லாம் வச்சிருக்கேன். அதுலயும் நான்தான் சரி.”

சாருக்குத் தம்பி இருப்பதே செண்பகராமனுக்குத் தெரியாது. அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

ஏகாம்பரம் போல்ட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

“அவன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஃபைல் அப்படியே இருக்கு. ஒரு தாள்கூட மடங்கல.”