ராஜாவின் தோளில் ஏறிய தேள்

ஆடி மாதம் ஆற்றில் புதுவெள்ளம் வந்துவிட்டால் கொன்றைக்கோட்டைப் பிரதானி வரதப்பருக்குத் தலைகால் புரியாது. பெருக்கு விழாவை நடத்துவது அவர் பொறுப்பு. அந்த வருஷம் பக்கத்து நாட்டு ராஜாவையும் அழைத்திருந்தார். ஊரே ஆற்றில் முழுக்குப் போடப்போகிறது, பக்கத்து ராஜா வாயைப் பிளக்கப்போகிறார் என்று கனவு கண்டுகொண்டிருந்தார்.

விழாவுக்கு முதல் நாள் காலை, ராஜாவின் யோசனைக்காரர் கூத்தபிரான் அரண்மனைக்கு வந்தார். வாசலில் ஒருவர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். ஆறு வரும் வழியில் மேலே இருக்கும் மேலாற்றூரின் வைத்தியர் உலகுடையார்.

"என்ன வைத்தியரே, இங்கே?"

"எங்கள் ஊரில் வாந்திபேதி, ஐயா. வீட்டுக்கு வீடு படுத்துவிட்டார்கள். அழுக்குத் துணியெல்லாம் ஆற்றில்தான் அலசுகிறார்கள். அந்தத் தண்ணீர் இங்கேதான் வருகிறது. நேற்றே ஓலை கொடுத்தேன். விழா முடியட்டும், பிறகு முத்திரை வைக்கிறேன் என்கிறார் பிரதானி."

கூத்தபிரானால் வைத்தியரை அப்படியே உள்ளே அழைத்துப் போக முடியாது. சென்ற வருஷம் யாரோ வதந்தி சொல்லி ராஜாவின் சாப்பாட்டைக் கெடுத்ததிலிருந்து ஒரு கட்டளை இருந்தது: கெட்ட செய்தி எதுவானாலும், பிரதானியின் முத்திரை விழுந்த ஓலையாகத்தான் ராஜாவிடம் வரவேண்டும். வாயால் சொன்னால் நாக்கை அறுத்துவிடுவார்கள்.

கூத்தபிரான் தோட்டத்துப் பக்கம் போய் இரண்டு கல்லைப் புரட்டினார்.

சபை கூடியது. ராஜா குமாரவிஜயன் சிம்மாசனத்தில் அமர்ந்தார். வழக்கம்போல கூத்தபிரான் பக்கத்தில் வந்து குனிந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தார். பின்னால் நகர்ந்து நின்று, ஓலையும் எழுத்தாணியும் எடுத்து மும்முரமாக எழுத ஆரம்பித்தார்.

"என்ன எழுதுகிறீர்?" என்று ராஜா கேட்டார்.

"சொல்ல முடியாது, மகாராஜா. கெட்ட செய்தி. முத்திரை விழவேண்டும்."

ராஜா சிரித்தார். "என்னிடம்தானே, சும்மா சொல்லும்."

"எனக்கு இருப்பது ஒரே நாக்கு, மகாராஜா."

நிதானமாக நடந்து போய் ஓலையைப் பிரதானியிடம் நீட்டினார். "அவசரமில்லை. தங்களுக்குச் சௌகரியப்பட்டபோது முத்திரை வையுங்கள்."

வரதப்பர் ஓலையைப் படித்தார். "மகாராஜாவின் இடது தோளில் ஒரு கருந்தேள் ஏறிக்கொண்டிருக்கிறது." நிமிர்ந்து பார்த்தார். அங்கவஸ்திர மடிப்பிலிருந்து வெளியே வந்த தேள், கழுத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"மகாராஜா, தேள். தோளில் தேள்," என்று அலறினார்.

ராஜா துள்ளி எழுந்து அங்கவஸ்திரத்தை உதறினார். தேள் தரையில் விழுந்து ஓடியது. சபையே எழுந்து நின்றது. கூத்தபிரான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பார்த்துக்கொண்டே சும்மா இருந்தீரா?" என்று ராஜா அதட்டினார்.

"கட்டளைப்படி நடந்தேன், மகாராஜா. மீறியவர் பிரதானி. முத்திரை இல்லாமல், அதுவும் வாயால் சொல்லிவிட்டார்."

வரதப்பரின் கை தானாகவே வாயைப் பொத்திக்கொண்டது.

"தேள் ஏறும்போது முத்திரைக்கா காத்திருப்பார்கள்?" என்றார் ராஜா.

"வாசலில் ஒரு வைத்தியர் நேற்றிலிருந்து காத்திருக்கிறார், மகாராஜா. இந்தத் தேளை விட்டவன் நான்தான். கொடுக்கை நறுக்கிவிட்டுத்தான் விட்டேன். அவர் கொண்டுவந்திருக்கும் செய்திக்குக் கொடுக்கை யாரும் நறுக்கவில்லை."

ராஜா வைத்தியரை அழைத்துவரச் சொன்னார்.

வைத்தியர் உள்ளே வந்தார். அவர் பேசப் பேச ராஜாவின் முகம் மாறியது. முழுக்கு நின்றது. ஆற்றுப் படித்துறைகளில் காவல் போட்டார்கள். பக்கத்து ராஜாவை வழியிலேயே ஆள் அனுப்பி நிறுத்தினார்கள். விழாவுக்குப் பொங்கல் வைக்க வந்த அண்டாக்களில் குடிதண்ணீர் கொதித்தது. மருந்தோடும் ஆட்களோடும் உலகுடையார் மேலாற்றூருக்குத் திரும்பினார். அங்கே சிலரைக் காப்பாற்ற முடியவில்லை. கோட்டைக்குள் நோய் நுழையவில்லை.

அடுத்த சபையில் ராஜா சொன்னார்: "கட்டளை கட்டளைதான். பிரதானியின் நாக்கை என்ன செய்வது?"

கூத்தபிரான் முன்னால் வந்தார். "தங்களைக் காப்பாற்றத்தானே அலறினார், மகாராஜா. எதையாவது அறுத்தே ஆகவேண்டும் என்றால் அந்தக் கட்டளையை அறுத்துவிடலாம்."

கட்டளையை அறுத்தார்கள். அதற்குப் பதில் மேலாற்றூரிலிருந்து கோட்டை வரை குன்றுக்குக் குன்று முரசு வைத்தார்கள். வாந்திபேதிக்கு ஒரு தாளம், அம்மைக்கு ஒரு தாளம், விஷக்காய்ச்சலுக்கு ஒரு தாளம். நோயைக் கண்டதும் வைத்தியர் அடிக்கச் சொல்வார். ஒரு குன்றில் அடித்தால் அடுத்த குன்றில் கேட்டு அடிப்பார்கள். நடுவில் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வைத்தியர் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் ராஜாவுக்குச் செய்தி வந்துவிடும்.

மழை போய்ப் பனி வந்தது. தினமும் காலையில் ஒற்றை முரசு மெதுவாகக் கேட்கும். ஒருநாள் வரதப்பருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, அந்த ஒற்றை அடிக்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தேன். 'இன்று நோய் எதுவும் இல்லை' என்று அர்த்தமாம். எதுவும் இல்லை என்பதற்கு எதற்கு முரசு? வீண் சத்தம்."

ராஜா கூத்தபிரானைப் பார்த்தார்.

"நியாயமான கேள்விதான், மகாராஜா," என்றார் கூத்தபிரான். "அந்த அடியும் இல்லை என்றால், மேலாற்றூரில் நோய்தான் இல்லையா, அல்லது முரசின் மேல் பிரதானி உட்கார்ந்திருக்கிறாரா என்று நமக்கு எப்படித் தெரியும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு அங்கவஸ்திரமெல்லாம் தெறித்தது. அதைக் கழற்றிக் கூத்தபிரானின் தோளில் போட்டார்.