கருவேலங்குன்றத்துக் காவல்படி

மதில் கட்டத் தெரிந்தவனெல்லாம் அரசன் என்று இருந்த காலம் அது. அப்போது கருவேலங்குன்றம் என்று ஒரு மலைக்கோட்டை இருந்தது. எந்தத் திசையில் என்று கேட்காதீர்கள். கேட்டால் நானும் எதையாவது உளற வேண்டிவரும், நீங்களும் நம்ப வேண்டிவரும்.

அந்தக் கோட்டையின் அரசன் வடக்கே போருக்குப் புறப்பட்டான். புறப்படுவதற்கு முன் கொற்றன் என்ற வீரனைக் கூப்பிட்டான். கொற்றன் யோக்கியன். அடுத்தவன் பொருளில் ஒரு துரும்பைக்கூடத் தொடமாட்டான். அவனைக் காவல் தலைவன் ஆக்கி, களஞ்சியத்துக்கு அழைத்துப் போனான் அரசன். உள்ளே கூரையை முட்டும்படி நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"கொற்றா, ஜெயித்தாலும் தோற்றாலும் என் படை பசியோடுதான் திரும்பும். பகைவன் துரத்திக்கொண்டு வந்தால் இந்த மதிலுக்குள் இருந்துதான் தாக்குப்பிடிக்க வேண்டும். நெல் போனால் கோட்டை போகும், கோட்டை போனால் நாடு போகும். விளங்கியதா?"

"என் தலை இருக்கும்வரை ஒரு மணி நெல்லைக்கூடத் திருடன் தொடமாட்டான், அரசே."

சொன்ன சொல்லை அவன் காப்பாற்றத்தான் செய்தான். இந்தக் கதையில் எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

நூறு வீரர்களைக் கொற்றனிடம் விட்டுவிட்டு அரசன் போனான். அந்தக் கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீரனுக்கு நாளைக்கு ஒரு படி நெல். களஞ்சிய வாசலில் காவல் நிற்பவனுக்கு மட்டும் இரண்டு படி. அந்தக் கூடுதல் படிக்குக் காவல்படி என்று பெயர். அவ்வளவு நெல்லையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கைநீட்டாமல் நிற்கிறானே, அவன் மனசு தடுமாறக் கூடாது என்று எந்தக் காலத்து அரசனோ செய்து வைத்த ஏற்பாடு. நின்றவர்கள் இரண்டே பேர், அதனால் யாருக்கும் அது பாரமாகத் தெரியவில்லை. மாதப் பிறப்பன்று கதவைத் திறந்து, எல்லாருக்கும் மொத்தமாக அளந்து கொடுத்துவிட்டு மறுபடி பூட்டிவிடுவார்கள்.

அப்படி ஒரு மாதப் பிறப்பில் கொற்றன் உள்ளே போனான். பின்வரிசையில் ஒரு மூட்டை தொளதொளவென்று சாய்ந்து கிடந்தது. பாதி நெல்லைக் காணோம்!

திருடன் யாரென்று உங்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெருச்சாளி. பின்சுவர் மூலையில், மூட்டைகளின் மறைவில், ஜம்மென்று ஒரு பொந்து போட்டு வைத்திருந்தது. மூட்டைகளை நகர்த்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு கூடை மண்ணும் இரண்டு கல்லும் இருந்தால் அடைத்துவிடலாம். ஆனால் கொற்றனுக்குத் திருடன் என்றால் மனிதன். மனிதன் என்றால் வாசல் வழியாகத்தானே வருவான்? அவன் பின்சுவர்ப் பக்கம் திரும்பாமல் நேரே வாசலுக்கு ஓடினான்.

"இரண்டு பேர் போதாது. பத்துப் பேர் நில்லுங்கள்!"

பத்துப் பேர் நின்றார்கள். பத்துப் பேருக்கும் காவல்படி.

சில மாதம் கழித்துப் பார்த்தால் அடுக்கு மளமளவென்று இறங்கியிருந்தது. "இந்தப் பத்துப் பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டார்களோ?" என்று கொற்றனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர்களைக் கண்காணிக்க இருபது பேரைப் போட்டான். காவலர்களுக்கே காவல் என்றால் சும்மாவா? அவர்களுக்கு ஆளுக்கு மூன்று படி.

அடுக்கு இன்னும் வேகமாக இறங்கியது. அந்த இருபது பேரைக் கண்காணிக்க நாற்பது பேரைப் போட்டான். அவர்களுக்கு ஆளுக்கு நான்கு படி. கதவில் இருந்த ஒரு பூட்டு மூன்றாயிற்று, மூன்று ஒன்பதாயிற்று. கொற்றன் நடந்தால் இடுப்புச் சாவிகள் கலகலவென்று சத்தம் போட்டன.

துணைத்தலைவன் சேந்தன் மதில் காவலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்து நின்றான்.

"தலைவரே, மதிலில் நிற்க ஆள் இல்லை. அங்கே நின்றால் வெயில், மழை, ஒரு படி. இங்கே நின்றால் நிழல், நான்கு படி. எவன் அங்கே நிற்பான்? மேற்கு மதிலில் குரங்குதான் உலாத்துகிறது."

"மதிலை எவன் சுருட்டிக்கொண்டு போகப் போகிறான், சேந்தா? நெல்லைத்தானே தூக்குவான்?"

"நெல்தான் காவல்படியாகவே போய்க்கொண்டிருக்கிறதே!"

"அது செலவு. நான் கவலைப்படுவது களவைப் பற்றி," என்றான் கொற்றன்.

சேந்தன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொற்றன் தனக்கு மட்டும் ஒரு படிக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மனைவி எயினி அதைக் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினாள். "வாசலில் நிற்பவன் வீட்டில் ஆட்டுக்குட்டிகூட நெல் தின்கிறது. உங்கள் கன்னம் ஏன் இப்படி ஒட்டிப்போயிருக்கிறது?" என்று கேட்டாள். "அரசனுடைய நெல் அது," என்றான் அவன். பாவம், மனசார அப்படித்தான் நினைத்தான். எனக்கே அவன்மேல் இரக்கம்தான் வருகிறது.

ஓராண்டில் முடியும் என்ற போர் மூன்று ஆண்டு இழுத்தது. நாட்டில் விளைந்ததெல்லாம் போர்முனைக்கே போயிற்று. கோட்டைக்குப் புது நெல் ஒரு மூட்டைகூட வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் நண்பகலில் வடக்கே புழுதி எழுந்தது. அரசன் வந்தான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். பின்னால் அவன் படை. ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து, உதடு வெடித்து, கண் குழிந்து வந்தார்கள்.

"பகைவன் பின்னாலேயே வருகிறான், கொற்றா. மழைக்காலம் வரை தாக்குப்பிடித்தால் போதும், அவன் தானே திரும்பிவிடுவான். முதலில் உலை வைக்கச் சொல்."

கொற்றன் ஒன்பது பூட்டையும் திறந்தான். போன மாதப் பிறப்பில் மிச்சமிருந்ததையும் அளந்து கொடுத்தாகிவிட்டது. உள்ளே பதரும் கிழிந்த சாக்கும்தான் கிடந்தன. மூட்டைகள் இல்லாததால் பின்சுவர் முழுசாகத் தெரிந்தது. மூலையில் ஒரு பொந்து. அதன் வழியாக வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெயிலில் உட்கார்ந்து ஒரு பெருச்சாளி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அரசன் குனிந்து ஒரு கை பதரை அள்ளிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"திருடன் வந்தானா?"

"ஈ காக்கைகூட வரவில்லை, அரசே."

"நீ தின்றாயா?"

"ஒரு படிக்கு மேல் தொட்டதில்லை, அரசே."

"பின்னே நெல் எங்கே?"

கொற்றன் திரும்பிப் பார்த்தான். களஞ்சிய வாசலில் எழுபது காவலர்கள் வரிசையாக நின்றார்கள். கன்னம் பளபளக்க, தொந்தி தள்ள, வேல்களை நிமிர்த்திப் பிடித்து, ஒருவனை ஒருவன் கண்கொட்டாமல் கண்காணித்தபடி நின்றார்கள். அவர்களுக்கு எதிரே வடக்கிலிருந்து வந்த படை, நிற்கத் தெம்பில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தது. நெல் எங்கே போயிற்று என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அரசன் காலில் விழுந்தான்.

"என் தலையை எடுத்துவிடுங்கள், அரசே."

"உன் தலை எனக்கு எதற்கு? அதைப் பொங்கித் தின்ன முடியுமா?" என்றான் அரசன்.

அன்றைக்கே கோட்டையைக் காலி செய்தார்கள். நடக்க முடியாதவர்களைத் தொந்தி தள்ளிய காவலர்கள் முதுகில் சுமந்துகொண்டு தெற்கே போனார்கள். ஓர் அம்புகூட விடாமல் கருவேலங்குன்றம் பகைவன் கைக்குப் போயிற்று.

கடைசியாக இறங்கியவன் கொற்றன். இறங்குமுன் ஒரு கூடை மண் சுமந்துவந்து அந்தப் பொந்தை அடைத்தான். பிறகு, கை பழகிய பழக்கத்தில், காலிக் களஞ்சியத்துக்கு ஒன்பது பூட்டையும் ஒவ்வொன்றாகப் பூட்டினான். மலைப்பாதை முழுக்க அந்தச் சாவிகள் அவன் இடுப்பில் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

கேட்டவர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: காக்க வேண்டிய பொருளையே காவலுக்குக் கூலியாக அள்ளிக் கொடுத்தால், கடைசியில் பொருள் போய்விடும், காவல்தான் மிஞ்சும்.