முந்நூறு பூசணி விதைகள்

உங்கள் கொள்ளுத் தாத்தாவின் கொள்ளுத் தாத்தாகூடப் பிறக்காத காலம் அது. குறுங்காவூர் என்ற சின்ன நாட்டை மாறநம்பி என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், பொறுமை மட்டும் கிடையாது.

மூன்று வருடம் அந்த நாட்டில் மழை இல்லை. குளம் வற்றியது, கொல்லை காய்ந்தது, கறிகாய் என்ற பேச்சே நின்றுபோனது. அரண்மனைச் சமையற்கூடத்தில் ஊற்றிய கேழ்வரகுக் கூழைத்தான் எல்லாரும் குடித்தார்கள். தொட்டுக்கொள்ள உப்பு மட்டுமே.

மிஞ்சியது ஒரு தோட்டம், ஒரு கிணறு, ஒரு சுரைக்குடுக்கை நிறையப் பூசணி விதை. எண்ணிப் பார்த்தார்கள். சரியாக முந்நூறு. அது போனால் நாட்டில் வேறு விதை இல்லை.

எத்தனை விதை போடலாம் என்று அரசன் சபையில் கேட்டான்.

மந்திரி பெருந்தேவன் இருநூறு என்றார். விதை கூடினால் காயும் கூடும் என்பது அவர் கணக்கு. களஞ்சியக்காரர் சாத்தனார் இருபது போதும் என்றார். மீதியைப் பூட்டி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

மூன்றாவதாக, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் உடையாள் என்ற பெண்ணைக் கேட்டார்கள்.

"எனக்குத் தெரியாது, அரசே. எட்டு நாள் கொடுங்கள், தெரிந்துகொண்டு சொல்கிறேன்" என்றாள் அவள்.

சபை சிரித்தது. உடையாளுக்கு முகம் சிவந்துவிட்டது. எட்டு நாள் காத்திருக்க அரசனுக்கும் மனமில்லை. மந்திரி சொன்னபடியே ஆகட்டும் என்று எழுந்துவிட்டான்.

இருநூறு விதையும் மண்ணுக்குள் போயின. பத்தே நாளில் தோட்டம் பச்சைப்பசேல் என்று ஆனது. மந்திரி வருவோர் போவோரையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். அப்புறம் கொடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. உடையாள் கை கொப்புளிக்க இறைத்தாள். உச்சிப்பொழுதுக்குள் கிணறு வற்றிவிடும், பாதிக் கொடிக்குத் தண்ணீர் எட்டாது. இலை துவண்டது, பூ உதிர்ந்தது, பிஞ்சு வெம்பியது. கடைசியில் கிடைத்தவை ஏழு காய்கள், ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. ஒன்றிலும் விதை முற்றவில்லை.

ஏழு காயை ஊருக்கே எப்படிப் பங்கிடுவது? சமையற்காரர் கூழில் போட்டுக் கிண்டிவிட்டார். யார் நாக்கிலும் பூசணி தட்டுப்படவில்லை.

அரசன் தானே நடந்து தோட்டத்துக்கு வந்தான். குடுக்கையில் இருந்த நூறு விதையை உடையாளிடம் நீட்டினான். "அன்றைக்குக் கேட்டாயே எட்டு நாள், எடுத்துக்கொள் அம்மா" என்றான்.

உடையாள் மூன்று காரியம் செய்தாள். முதலில் நிலத்தைக் காலடியால் அளந்தாள். கொடி தாராளமாகப் படர இடம்விட்டால் ஐம்பது குழி கொள்ளும். அடுத்து, கிணறு ஒரு நாளில் எத்தனை சால் தண்ணீர் தருகிறது என்று விடியலிலிருந்து பொழுதுசாயும்வரை இறைத்துப் பார்த்தாள். இருபத்துநான்கு குழிக்குத்தான் போதும். மூன்றாவதாக, பத்து விதையை எடுத்து ஈரத்துணியில் முடிந்து அடுப்போரம் வைத்தாள்.

பத்து விதை வீண் என்று மந்திரி முணுமுணுத்தார். அரசன் அவரைக் கையமர்த்தினான். பொறுமை கொஞ்சம் வந்திருந்தது.

எட்டாம் நாள் முடிச்சை அவிழ்த்தாள். ஆறு முளைத்திருந்தன, நான்கு உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு.

"விதை பழையது, அரசே. குழிக்கு ஒன்று போட்டால் பல குழி வெறுமையாகக் கிடக்கும். மூன்று போட்டால் ஒன்றாவது வரும். வலுவானதை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுவேன். முளைத்த ஆறும் ஆறு குழிக்கு ஆயிற்று. மீதிப் பதினெட்டுக் குழிக்கு ஐம்பத்துநான்கு விதை. முப்பத்தாறு கையில் இருக்கும். எங்காவது புழு அரித்தால் அங்கே போட்டுக்கொள்ளலாம்."

அப்படியே செய்தார்கள். இரண்டு குழியில் புழு அரித்தது. உடனே வேறு விதை போட்டாள். கொடிகள் இடித்துக்கொள்ளாமல் படர்ந்தன. கிணற்றுத் தண்ணீர் கடைசிக் குழிவரை போய்ச் சேர்ந்தது. அறுவடையன்று ஒரு காயைத் தலையில் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மந்திரி தானே ஒன்றைத் தலையில் சுமந்து, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்று சமையற்கூடத்தில் பூசணிக் கூட்டு. ஊரே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டது. வழித்தெடுத்த விதையை வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்தார்கள். தங்கள் தோட்டத்தில் எத்தனை போடலாம் என்று ஒவ்வொருவரும் உடையாளைக் கேட்டார்கள். அவள் எந்த எண்ணிக்கையும் சொல்லவில்லை.

"முதலில் உங்கள் கிணற்றை இறைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவைத்தாள்.

கதை சொல்லும் நீதி இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அளந்து பார்த்துத் தொடங்குகிறவரின் வேலையே பலன் தரும்.