கல்வெட்டு இடம் மாறிய கதை

பந்தல் போட்டாச்சு, வாழைமரம் கட்டியாச்சு, விடிந்தால் புது ஆஸ்பத்திரிக்குத் திறப்புவிழா. கமிட்டித் தலைவர் சிங்காரவடிவேல் வந்து பார்த்து முகம் சுளித்தார். கட்டடத்துக்கும் வெளித்தரைக்கும் நடுவே, சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்கு வெறும் இடைவெளி.

“இதைக் கான்கிரீட் போட்டு மூடு. வாசலுக்கு நேரே, அதுமேல என் கல்வெட்டை நிறுத்து!”

இன்ஜினியர் பதறினார். “சார், கட்டடம் ரப்பர் மெத்தைமேல உக்காந்திருக்கு. பூகம்பம் வந்தா உடையாம அசைஞ்சு கொடுக்கும். ஆட்டத்தை அடக்க டாம்பர் இருக்கு. ஆனா அசைய இடம் வேணுமே, அதுக்குத்தான் இது.”

“நான் கட்டினது ஆடுமா? காலையில அங்கே கல் இல்லேன்னா, நீயும் இங்கே இல்லை!”

சித்தாள் முத்துப்பேச்சி கலவைச் சட்டியை இறக்கி வைத்தாள்.

“வச்சிரலாம்யா. கல்லுல பாதி கட்டடத்தோட இருக்கும், பாதி தரையோட இருக்கும். நிலம் குலுங்குச்சுன்னா முதல்ல உங்க பேருதான் ரெண்டா உடையும். பரவாயில்லையா?”

தலைவர் கல்லைப் பார்த்தார், இடைவெளியைப் பார்த்தார். கல்வெட்டு உள்சுவருக்குப் போனது. ‘இந்த இடைவெளியை எவரும் மூடக் கூடாது. தலைவர் உத்தரவு’ என்று வெளியே ஒரு பலகையும் முளைத்தது.

பின்னொரு நாள் பூமி குலுங்கியது. ஆஸ்பத்திரி மெல்ல அசைந்து பழைய இடத்துக்கே வந்து நின்றது. பிரசவ வார்டில் தூங்கிய குழந்தைகள்கூட விழிக்கவில்லை.

“எல்லாம் என் முன்யோசனை!” என்று பத்திரிகைக்காரர்களிடம் மார்தட்டினார் தலைவர்.

தங்கச்சி பெற்ற பிள்ளையை ஏந்தியபடி அங்கே நின்ற முத்துப்பேச்சி தலையாட்டினாள். “ஆமாய்யா, பேருல ஒரு கீறல்கூட இல்ல!”