தகவலாளி எண் நான்கு

வரலாற்றுத் துறைத் தலைவர் திருவேங்கடத்துக்கு ஒரு மாதமாக வயிற்றெரிச்சல். மருந்துக்கடையில் தீருகிற எரிச்சல் இல்லை. எதிர் மாடியில் இருக்கும் பழங்குடி மக்கள் ஆய்வு மையம்தான் காரணம்.

பதினோரு வருடத்துக்கு முன் நூலகத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில், ஐந்து மாணவர்களோடு தொடங்கிய மையம் அது. பாவம் என்று பழைய பீரோ ஒன்றைக் கொடுத்ததே திருவேங்கடம்தான். இன்று அங்கே நூற்று நாற்பது பேர். இவருடைய முதுகலை வகுப்பில் ஒன்பது பேர். கழிப்பறைக்குப் போகிற சாக்கில் தினமும் அந்த ஜன்னலோரம் நடந்து தலைகளை எண்ணுவார். எண்ணிய பிறகு மதியச் சோறு இறங்காது.

நாளைக் கல்விக்குழுவில் அதைத் தனித் துறையாக்கத் தீர்மானம் வருகிறது. வரலாற்றில் காலியாக இருக்கும் பேராசிரியர் இடமும் அங்கே போய்விடும். 'தனித் துறை தேவையில்லை. வரலாற்றுக்குள் ஒரு பாடமாக இருந்தால் போதும்' என்று எழுதி எடுத்துக்கொண்டு, தன் ஆய்வு நெறியாளர் ஜெபமணி அம்மாளின் வீட்டுக்குப் போனார். வரலாற்றுத் துறையைத் தொடங்கியவரே அந்த அம்மாள்தான். அவர் கையெழுத்து இருந்தால் குழுவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையா இருக்கு மேடம்."

ஜெபமணி கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

"இதுல ஊர்ப் பிடாரி யாரு வேங்கடம்?"

"நாமதான் மேடம்."

அந்த அம்மாள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். திருவேங்கடத்தின் முனைவர் பட்ட ஆய்வேடு.

"நாலாம் அத்தியாயம் யாரால வந்தது?"

திருவேங்கடத்தின் முகம் மலர்ந்தது. அவருக்குப் பட்டமும் பெயரும் வாங்கித் தந்த அத்தியாயம். காட்டுவரிக் கலகத்தை ஓர் இருளர் பெரியவர் ஒன்பது நாள் உட்கார்ந்து சொன்னார்.

"அவரைப் பத்தி என்ன எழுதியிருக்க? படி."

"தகவலாளி எண் நான்கு. இருளர். ஆண். வயது சுமார் எழுபது. கல்வியறிவு இல்லாதவர்."

"அவர் பேரு?"

"ஞாபகம் இல்ல மேடம். எண் போட்டா போதும்னு நீங்கதானே..."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

ஜெபமணி மேசையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து அவர் முன் வைத்தார். அந்த மையத்தின் சான்றிதழ் படிப்புக்கானது. பெயர்: ஜெபமணி. வயது: எழுபத்து நான்கு.

"வயசானவங்களுக்கு ஒரு துறைத் தலைவரோட பரிந்துரை வேணுமாம். நீ போடு."

திருவேங்கடத்துக்கு நெஞ்சு காந்தியது. மாணவர்கள் போனார்கள், இடம் போகிறது, இப்போது இந்த அம்மாளுமா? பொறாமையில் குரல் உயர்ந்தது.

"அந்த மையத்தை நடத்துற செவந்திகிட்ட நீங்க மாணவியா? என் மாணவர் வயசு அவங்களுக்கு. உங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தந்துடுவாங்க?"

"ஒம்பது நாள் நாம பாடம் கேட்ட மனுஷனோட படத்தை அங்க வகுப்புல பேரோட மாட்டி வச்சிருக்காங்களாம்."

திருவேங்கடம் ஆய்வேட்டை மூடினார்.

"கையெழுத்தைப் போடு வேங்கடம். அவர் பேரைக் கேட்டுட்டு வந்து உனக்கும் சொல்றேன்."