பிரிசில்லா அழித்த பட்டியல்

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

கோவை பீளமேட்டில், நோயாளிகளின் காப்பீட்டு ஆவணங்களைச் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே இணையப் பாதுகாப்பைக் கவனித்தவள் பிரிசில்லா. நாகர்கோவிலிலிருந்து வந்து நான்கு ஆண்டுகளாக மகளிர் விடுதியில் ஒற்றை அறையில் இருந்தாள். பிறர் கடவுச்சொல்லில் குறை கண்டுபிடிப்பதே அவள் வேலை. அதனால் சாப்பாட்டு அறையில் அவள் வந்து உட்கார்ந்தால் பேச்சு அடங்கிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஒரு பொய் மின்னஞ்சல் அனுப்பிச் சோதிப்பாள். அதிலுள்ள லிங்க்கைத் தொட்டவர் ஏமாந்தவர். "யார் ஏமாந்தாங்கன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தப்பு நடந்தா பயப்படாம எனக்குச் சொல்லுங்க" என்று கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள். மேலாளர் வரதராஜனும் அப்போது தலையாட்டினார்.

இந்த முறை என்ன எழுதுவது? தனக்கு வந்தால் எதை நம்பித் திறப்போம் என்று யோசித்தாள். 'வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். உங்களுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறோம்' என்று எழுதி, புதன்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பினாள்.

பத்தாவது நிமிடம் உள்தொலைபேசி ஒலித்தது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் முபாரக். ஐம்பத்து நான்கு வயது. மனைவி இறந்தபின் சன்னலோரம் தனியாகவே சாப்பிடுபவர்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. லிங்க்கைத் தொட்டுட்டேன். அப்புறம்தான் அனுப்புன முகவரியப் பார்த்தேன்."

"பரவாயில்லை சார், அது சோதனைதான். உடனே சொன்னீங்களே, அது போதும்."

அவர் தொலைபேசியை வைத்துவிடவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை சாப்பாடு இல்லீங்களா?"

"இல்லை சார்" என்றாள்.

மதியம் வரதராஜன் அவளை அழைத்தார். எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும் அவரிடம் இருந்தது. சேவைப் பிரிவின் பன்னிரண்டு பேரில் ஏமாந்தவர் ஒருவர். அந்தப் பிரிவில் ஓர் ஆளைக் குறைக்க அவர் ஒரு மாதமாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தது ஊரறிந்த விஷயம்.

"அந்த ஒருத்தர் யாரு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"நோயாளிங்க ஆவணத்தக் கையில வச்சிருக்கிறவங்க ஏமாந்தா, நாளைக்கு நிஜத் திருடன் வரும்போது என்ன ஆகும்? நாலு மணிக்குப் பட்டியல் வேணும்."

அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. இருக்கைக்குத் திரும்பியவள் ஏமாந்தவர்களின் பட்டியலை முழுவதுமாக அழித்தாள். நாலு மணிக்குப் போய், "கணினிக் கோளாறுல பட்டியல் அழிஞ்சிடுச்சு சார்" என்றாள்.

"அப்படின்னா ஆள் யாருன்னு தெரியிறவரைக்கும் பன்னிரண்டு பேரும் கணினியைத் தொட வேண்டாம்" என்றார் அவர்.

சேவைப் பிரிவில் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் பிரிசில்லா ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போனாள். புதன்கிழமை மாலைகளில் அங்கே நடப்பதுதான் அவளுக்கு ஓய்வு. இரண்டு சுற்று நடந்தாள்; வேகவைத்த சோளம் வாங்கித் தின்றாள். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கைபேசியில் பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டாள்.

அதே நேரத்தில் முபாரக், வரதராஜனின் அறைக்கதவைத் தட்டி, "அது நான்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவர் இருக்கை காலியாக இருந்தது. ஆவணங்களைத் தொடாத வேலைக்கு, உடுமலைக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆவணங்களின் பாதுகாப்பைச் சொல்லிப் பெயர் கேட்டார் வரதராஜன். வாக்கைக் காக்கப் பட்டியலை அழித்தாள் பிரிசில்லா. சாட்சியே இல்லாதபோதும் தானே போய்ச் சொன்னார் முபாரக். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: முபாரக் செய்ததுதான். வாக்கு, அதைப் பெற்றவருக்குச் சொந்தம். அதிலிருந்து விடுவிக்கும் உரிமையும் அவருக்கே. வரதராஜன், தானும் ஒப்புக்கொண்ட வாக்கை உடைக்கச் சொன்னார். தவறை உடனே சொன்னவரைத் தண்டித்தார். இனி அந்த அலுவலகத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிரிசில்லா, "தர மாட்டேன்" என்று நேராகச் சொல்லிப் பழியைத் தான் ஏற்றிருக்க வேண்டும். அவள் சொன்ன பொய், குற்றமற்ற பதினொரு பேர் தலையில் விழுந்தது. அது அவளுக்கும் புரிந்தது. முபாரக்கின் இருக்கை காலியான அன்றே வரதராஜனிடம் போய், தானே அழித்ததாகச் சொல்லி, எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டாள். அதை முபாரக்கிடம் சொல்ல நினைத்தாள். அவருடைய கைபேசி எண் அவளிடம் இல்லை. கேட்டு வாங்கும் அளவுக்குப் பழகிய ஒருவரும் அந்த அலுவலகத்தில் இல்லை.